துளைக்குள் ஒரு கீறல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் சம்மட்டி செய்து தரும் அந்தக் கொல்லருக்குப் புருவமே கிடையாது, நெருப்பு தின்றுவிட்டது. பழுத்த இரும்பில் பஞ்ச் உளியை அடித்துக் கைப்பிடிக்குத் துளை போடுவார். கூம்புக் கம்பியை அடித்திறக்கி அதை அகலமாக்குவார். பிறகு துளை வழியாக வாங்க வந்தவரைப் பார்ப்பார்.

அன்று அப்படி என்னைப் பார்த்தபோது அவர் முகம் மாறியது.

“நீ அடிக்க சொல்லோ எதிர்ல யாரு நிப்பாங்க?”

“என் தம்பிண்ணே. அவன்தான் உளி பிடிப்பான்.”

“இது வேணாம் நைனா. செவப்பு அடங்கின அப்புறமும் ஒரு அடி உட்டுட்டேன். உள்ள கீறிக்கினுக்குது. ஒரு நாளு பொளந்து அவன் மேலயே பாயும்.”

அதை வாசலில் கிடந்த பழைய இரும்புக் குவியலில் வீசிவிட்டு, வேறொன்று செய்து கொடுத்தார்.

கிளம்பும்போது பார்த்தேன். குவியலில் அது இல்லை.

“ஷிஃப்ட் உட்ட நேரம்” என்றார், சாலையில் போகும் கூட்டத்தைப் பார்த்தபடி. “எட்த்தது யாருன்னு தேடறது?”

இன்றும் எங்கே சம்மட்டிச் சத்தம் கேட்டாலும், எதிரில் நிற்பவரைத்தான் முதலில் பார்க்கிறேன்.