வளைவில் சாயாத வண்டி

போன வருடம் ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். ஏற்காட்டு மலைப்பாதையில் பாதி வளைவுகள்கூடத் தாண்டாத ஓர் இடத்தில் எங்கள் காரை ஓரம் கட்டினேன். அம்மா இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மேலே அக்காவுக்கு வளைகாப்பு. பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், புதுச்சேரிக்கு அழைத்து வராமல் அவள் குடியிருக்கும் மலையிலேயே வைத்திருந்தார்கள். கண்ணாடி வளையல் பை அம்மாவிடம்தான் இருந்தது. இதற்கு மேல் ஒரு வளைவுகூடத் தாங்காது என்று அம்மா சைகை காட்டியதும், தம்பி மட்டும் பையை வாங்கிக்கொண்டு பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினான். அப்பாவும் அம்மாவும் நானும் திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னார்: "புள்ள பொறக்கும்போதும் இப்படித்தான் ஆவும். என்னால போவ முடியாதுடி."

அக்காவுக்கு மாமியார் கிடையாது. பிரசவத்துக்கு அம்மா போகவில்லை என்றால் பக்கத்தில் இருக்கப் பெண்பிள்ளை யாரும் இல்லை. வாந்திக்கு மாத்திரை போட்டால் அம்மா ஒரு நாள் முழுக்க எழுந்து நிற்க முடியாமல் கிடப்பார்.

நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் ஏன் தோற்றது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. "அம்மாவுக்கு கார் ஒத்துக்காது" என்று வீட்டில் எல்லோரும் வருடக்கணக்காகச் சொல்லிவந்ததை அன்றிரவே மாற்றி எழுதிக்கொண்டேன். இந்தக் கார் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. அம்மாவை மாற்ற முடியாது, காரை மாற்றலாம்.

எங்களுடையது சாதாரண, பழைய சின்னக் கார். அதில் போய்ச் செலவு செய்வதா என்று அப்பா முனகினார். தம்பிக்கோ கொண்டாட்டம். வண்டியைத் தாழ்த்தும் விறைப்பான ஸ்பிரிங் செட்டை அவனே வாங்கி வந்துவிட்டான். "போட்டுப் பாருக்கா, வண்டி ரோட்டோட ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டது உண்மைதான். அரியாங்குப்பம் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உரசியது. பின்சீட்டிலிருந்து அம்மா, "இது காரா, உரலா? என்ன உள்ள போட்டு இடிக்கிறீங்களே" என்றார். தம்பி ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதையே மாட்டினோம்.

அதன்பிறகு என் தொழில் முறைப்படி இறங்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, அம்மாவை வைத்து ஓட்டிப் பார்ப்பது, பிறகுதான் அடுத்தது. பழைய ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்துபோயிருந்தன. கம்பெனி போடும் அதே ரகத்தில் புதிது போட்டதும் பள்ளத்தில் விழுந்த வண்டியின் ஆட்டம் ஒரே அசைவில் நின்றது. அம்மா, "இப்போ பரவால்ல, தொட்டில் ஆட்டுறது கொறஞ்சிருக்கு" என்றார். அடுத்து, வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பார். இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரு கம்பிதான் அது. எங்கள் வண்டியில் பின்பக்கம் அது இல்லை. ஒரு சனிக்கிழமை மாட்டினோம்.

மறுநாள் அரியாங்குப்பத்தில் சித்தி வீட்டு விசேஷம். அப்பா வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வாழைத்தாரும் பூக்கூடையும் பின்சீட்டை அடைத்துக்கொண்டதால், அம்மா முன்னால் உட்கார்ந்தார். போய்வந்து இறங்கியவர் அதிசயமாகச் சொன்னார்: "ஒண்ணுமே பண்ணலடி எனக்கு!"

"கம்பி வேல செய்யுது பாத்தியா!" என்று தம்பி குதித்தான். எனக்கு மட்டும் உறுத்தியது. ஒரே நாளில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. கம்பி ஒன்று, சீட் ஒன்று.

எங்கள் வீட்டில் முன்சீட் அப்பாவுடையது. யாரும் சட்டம் போட்டதில்லை. அப்பா இல்லாவிட்டால் மாமா, மாமா இல்லாவிட்டால் தம்பி. அம்மா எந்தக் காரிலும் பின்கதவைத்தான் திறப்பார். எனக்கும் அது அன்றுவரை கண்ணில் பட்டதே இல்லை.

சந்தேகத்தைச் சொன்னேன். "அப்போ என்ன பின்னாடி உக்கார வெச்சிப் பாரு. தெரிஞ்சிடும்ல" என்றார் அம்மா. வாந்திக்குப் பயந்தவர் தானே கேட்டார். புதுச்சேரித் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பவை, வளைவுக்கு எங்கே போவது? வில்லியனூர் பக்கம் போகும் சாலையில் ஒரு ரவுண்டானா இருக்கிறது. கூட்டம் இல்லாத காலையில் அதைச் சுற்றினேன். முதலில் அம்மா பின்னால், கொஞ்சம் ஓய்வு கொடுத்துப் பிறகு முன்னால். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைகாட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா, வழி தெரியலையா?"

"வழிலாம் தெரியும் சார். வாந்தி வருதான்னு பாக்குறோம்" என்றார் அம்மா.

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டு, "போங்க போங்க" என்றார்.

பின்னால் உட்கார்ந்தபோது குமட்டியது. முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்தபோது இல்லை. கம்பியைக் கழற்றிவிட்டும் இன்னொரு நாள் பார்த்தோம். முன்சீட்டில் இருந்தும்கூட, சுற்றச் சுற்றத் தலை கிறுகிறுத்தது. ஆக, இரண்டுமே வேண்டும். கம்பியை மறுபடி மாட்டிவிட்டேன். கம்பிக்கு மெக்கானிக் போதும். சீட்டுக்கு அப்பாவிடம் பேச வேண்டும்.

அக்காவுக்கு நாள் நெருங்கியது. கிளம்பும் காலையில் அப்பா வழக்கம்போல் முன்கதவில் கை வைத்தார். முந்தைய நாள் முழுக்க எப்படிக் கேட்பது என்று யோசித்திருந்தேன். கேட்கவில்லை, சொன்னேன். "அப்பா, இன்னைக்கு அம்மா முன்னாடி. நீங்க பின்னாடி."

"நான் பின்னாடியா?" அப்பா என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பால் வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். அம்மா, "விடுடி, நான் பின்னாடியே..." என்று ஆரம்பித்தார். நான் முன்கதவைத் திறந்துபிடித்தபடியே நின்றேன். அப்பா பின்னால் ஏறிக் கதவை வேகமாகச் சாத்தினார். அந்தச் சத்தம் வில்லியனூர் தாண்டியும் என் காதிலேயே இருந்தது.

மலை ஏறினோம். நிதானமாக ஓட்டினேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கண் இமைக்காமல் சாலையைப் பார்த்தார். ஒவ்வொரு வளைவு வரும்போதும், "இந்தா வருது... ம், திருப்பு" என்று எனக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். போன தடவை நின்ற தடுப்புச் சுவர் வந்தது. சுவர் பின்னால் போனது.

இன்னும் சில வளைவுகள் தாண்டியதும் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்: "வண்டிய கொஞ்சம் நிறுத்தேன்மா."

அப்பா இறங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தன் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப்போய் அவர் கையில் திணித்தார். "மோந்து பாருங்க. இத்தன வருஷம் எனக்கு இப்படித்தான் இருந்துச்சி." குத்தலாகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அப்பா பழத்தை முகர்ந்தார். திரும்பி வந்து, தானே முன்கதவைத் திறந்து அம்மாவிடம், "ஏறு" என்றார்.

அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். முன்கதவிலிருந்து அம்மா இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிரசவ வலி வந்தபோது அம்மாவின் கையைத்தான் பிடித்திருந்தாள்.

சாதாரணக் காருக்கு இதெல்லாம் தேவையா என்று வேலையிடத்தில் கேட்பவர்களிடம், ஷாக்கும் கம்பியும் செலவுக்குத் தகுந்தவைதான் என்று தயங்காமல் சொல்கிறேன். ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும் உங்கள் வண்டியின் பின்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து போய்ப் பாருங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என் அம்மா அங்கே உட்கார்ந்திருந்த வருடங்களில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.