சன்னலைத் திறந்த மதியம்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில், ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ரத்தப் புற்றுநோய்க்கு வந்திருந்தாள். சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துபோனதால் தனியறையில் வைத்திருந்தோம். தோப்புக்குள் ஓடியாடி வளர்ந்தவளுக்கு அடைத்த அறை பிடிக்கவேயில்லை.

வெளியே பழைய கட்டடம் ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். சன்னலைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் மதியம் கரண்ட் போய்விட்டது.

"அக்கா, கொஞ்சம் தொறந்து உடுங்க. மூச்சு முட்டுது."

திறந்தேன். அரை மணி நேரம் இருக்கும். அவள் கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் வட்டமாக ஒரு திட்டு. பூஞ்சை என்றார் டாக்டர். இடிபாட்டுத் தூசியில் இருக்கும். நம்மை ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தையை விடாது என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரே மருந்து. மஞ்சள் நிறம். வெளிச்சம் படாமல் பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றி, ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்துவிடும். கட்டிலே ஆடும். கம்பளிகளைப் போர்த்தி, அவள்மேல் கவிழ்ந்து பிடித்துக்கொள்வேன். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் என் காதோரம் கேட்கும். இன்றும் கேட்கிறது.

பத்து நாளில் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர் குறைந்தது. மருந்தை நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. பதிமூன்றாம் நாள் காலை இருமலோடு ரத்தம் வந்தது. மதியத்துக்குள் போய்விட்டாள்.

டாக்டரிடம் சன்னலைப் பற்றிச் சொன்னேன். பூஞ்சை அதற்கு முன்பே உள்ளே போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கிளம்பும்போது அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சிஸ்டர், நீங்க ஒருத்தருதானுங்க அவ கேட்டதையெல்லாம் செஞ்சீங்க."

சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கூப்பிட, வண்டியில் ஏறிவிட்டார். உடுமலைப்பேட்டை இரண்டு மணி நேரப் பஸ் பயணம்தான். நான் போகவேயில்லை.