வெயில் நாளில் நின்றுபோகும் மெஷின்

மழை நாட்களில் எனக்கு நோவு குறைவு என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். மற்றவர்களுக்கு மழையென்றால் மூட்டு உளையும், எலும்பு குத்தும். எனக்கோ ஆடியில் வானம் இருண்டு, கூரைத் தகரத்தில் தூறல் விழத் தொடங்கினால் உடம்பு இளகிவிடும். ஒக்லாந்தில் வாழ்கிறவளுக்கு இதைவிட வசதியான வருத்தம் கிடைக்காது என்று என்னையே கேலி செய்துகொள்வேன். அதற்கு வேறொரு காரணம் இருந்ததென்று பிறகுதான் தெரியவந்தது.

நோவு இடது இடுப்பில் தொடங்கிக் காலின் சுண்டுவிரல்வரை இறங்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றினேன். அவர் பயந்துபோய் என் கழுத்தைப் பிடித்துத் தொங்கினார். என் முதுகில் ஏதோ நகர்ந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கான் படத்தின்படி எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழாய்க்குள் மறுபடியும் படுத்து எழுந்தேன், மறுபடியும் படம் சுத்தமாகவே வந்தது. டொக்டர்கள் நல்ல செய்தி சொல்பவர்களின் முகத்தோடு அதைச் சொன்னார்கள். படத்தில் இல்லாத நோவை எங்கிருந்து கொண்டு வருகிறாய் என்று அவர்கள் கேட்காததுதான் குறை.

வேலை போனது ஒரு பக்கம். எனக்கு உண்மையில் ஆற்றாமையாக இருந்தது மாலை நடை நின்றதுதான். என் வீட்டுக்காரர் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும் இருவரும் சரிவில் இறங்கி, ஓடைக்குக் குறுக்கே இருக்கிற சின்ன மரப்பாலம்வரை நடப்போம். ஓடைக்கரைப் புல்லில் புக்கேக்கோப் பறவைகள் சிவப்புக் கால்களை உயர உயரத் தூக்கி வைத்து, எங்களைக் கணக்கில் எடுக்காமல் திரியும். வீட்டுக்குள் நாங்கள் குப்பைத்தொட்டி வெளியே வைக்கிற நாளைப் பற்றித்தான் கதைப்போம். ரோட்டில் இறங்கினால்தான் அவருக்கு வாய் திறக்கும். நடை நின்றபோது அந்தக் கதையும் நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவருடைய குரலுக்காக ஏங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்.

கடைசியில் ஒரு நோவு நிபுணர் புதிய மருந்து எழுதித் தந்தார். அது என்ன மருந்து என்பது காரில் ஏறிய பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு விளங்கியது. சீற் பெல்ட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"கஞ்சாவோ?"

"டொக்டர் எழுதித் தந்தது. ஃபார்மசியிலை தருவினம். புகைக்கிறேல்லை, சூடாக்கி ஆவியா இழுக்கிறது."

அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "சரி. ஆனா அந்தச் சொல்லை வீட்டுக்கை சொல்லாதையும்" என்றார்.

அன்றிலிருந்து அது 'மருந்து இலை' ஆயிற்று. அதைச் சூடாக்கும் வேப்பரைசர் 'ஆவி மெஷின்' ஆயிற்று. தடிமனுக்கு ஆவி பிடிக்காத தமிழ் வீடு உண்டா? யாரும் கேட்டால் பீனிசம் என்று சொல்லிவிடலாம். மெஷினைத் தேடித் தெரிந்தெடுத்தது மகள். இங்கே பிறந்தவள். அம்மா முதல் தடவையாகச் சுவாரசியமான மனுசியாகிவிட்டதாக ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மெஷின் ரைஸ் குக்கர் அளவில் இருக்கும். இலையை உள்ளே வைத்து, மேலே ஒரு நீண்ட பையைப் பொருத்தி, மின் ஆளியைப் போட்டால், சூடான காற்று இலையூடாக ஏறிப் பையை நிரப்பும். கசங்கிக் கிடக்கிற பை மெல்ல முதுகை நிமிர்த்தி எழும்பும். உள்ளே வெண்மையாக ஒன்று சுழலும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பாதி மருந்து. பிறகு பையைக் கழற்றி, ஜன்னலோரக் கதிரையில் சாய்ந்து மெதுவாக இழுப்பேன். மேற்கு மலைகள் மழைக்குப் பின்னால் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாமல் கலங்கும். தரைப் பலகையின் கோடுகள் ஓடையைப் போல எங்கேயோ போகும். நோவு ஒழிந்துவிடாது. எழுந்து அடுத்த அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும். அது அங்கே இருப்பது தெரியும், ஆனால் என்னோடு கதைக்காது.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள பகையைச் சொல்லவேண்டும். அவர் வளர்ந்த இடத்தில் கறண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும், வரும்போது எதையாவது எரித்துவிட்டுத்தான் வரும். ஒக்லாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் இடி இடித்தால் டிவி வயரைப் பிடுங்குவார். வெளியே போகும்போது எல்லா ஆளிகளையும் நிற்பாட்டுவார். குளிர்ப்பெட்டிக்கு மட்டும் விலக்கு, அதுவும் நான் சண்டை பிடித்து வாங்கியது. "கறண்ட் எண்டது மனுசரை மாதிரி. நல்லாக் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கையே குணம் மாறும்" என்பார். கொழும்பில் வாங்கிய ஒரு ஸ்டெபிலைசரை, உடுப்புகளைக் குறைத்து, பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தவர் அவர். வோல்ட்டேஜ் கூடினாலோ குறைந்தாலோ பொருளைக் காப்பாற்றுகிற இரும்புப் பெட்டி. சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் ரென்டுக்கு இருந்த முதல் வீட்டில் குளிர்ப்பெட்டியை அதில்தான் மாட்டினார். வந்துபோன சனமெல்லாம் சிரித்ததில் அது கராஜுக்குப் போயிற்று.

ஆவி மெஷின் வந்ததும் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. இந்த நாட்டுப் பிளக்கை மாட்டி, கறுப்பு டேப்பை வரிசை பிசகாமல் சுற்றி, மெஷினுக்குப் பின்னால் கொண்டு வந்து வைத்தார். நான் என் பங்குக்கு அதன் மேல் பின்னல் துணி ஒன்றைப் போட்டேன். பெட்டி என்று ஒன்று இருந்தால் அதற்குத் துணி போடவேண்டும். டிவிக்கு, மிக்சிக்கு, தையல் மெஷினுக்கு எல்லாம் போட்டிருக்கிறேன். வெறும் பெட்டியைப் பார்த்தால் உடுப்பில்லாத ஆளைப் பார்த்த கூச்சம் எனக்கு.

மெஷின் மழை நாட்களில் ஒழுங்காக ஓடியது. நல்ல வெயில் நாட்களில் பாதியில் நின்றது. பை அரைவாசி நிரம்பி, பெருமூச்சு விட்டுச் சரியும். சற்று நேரம் கழித்துத் தானாக உயிர் வரும், மறுபடி நிற்கும். ஒருமுறை சூடான இலை மறுமுறை சூடானால் கருகல் வாடைதான் வரும். டொக்டர் அளந்து தந்த மருந்து, இன்னொரு பங்கு எடுக்கவும் முடியாது. ஆக, மழை நாளில் நோவு போகும், ஆனால் குடையைத் திருப்பிப் போடுகிற காற்றில் எங்கே நடப்பது? வெயில் நாளில் ரோடு கிடந்து கூப்பிடும், நோவு விடாது. என்னை வைத்து யாரோ விளையாடுகிறார்கள் என்று அழுகையே வந்தது.

பயன் தெரியாவிட்டால் இந்த மருந்தை நிறுத்தி, பலமான குளிசைக்கு மாற்றுவதாக டொக்டர் சொல்லியிருந்தார். அந்தக் குளிசையை முன்பு விழுங்கியிருக்கிறேன். நாள் முழுவதும் பஞ்சுக்குள் கிடந்த மாதிரி இருக்கும், நடை என்ற நினைப்பே வராது. "மழை நாளில் வேலை செய்கிறது" என்று நான் சொன்னபோது அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். அந்த மரியாதை எனக்குப் பயமாக இருந்தது.

மெஷினை வாங்கிய இடத்துக்கு அனுப்பினோம். குறை எதுவும் காணப்படவில்லை என்று திரும்பி வந்தது. அதற்கும் ஸ்கான் எடுத்துவிட்டார்கள் என்று நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"அவங்கள் என்னவும் சொல்லட்டும். நிக்குதெண்டா நிக்குது" என்றார். என் படம் சுத்தமாக வந்த அன்றும் இதே குரலில்தான் "நோகுதெண்டா நோகுது" என்றார்.

பிழை வீட்டு வோல்ட்டேஜில்தான் என்று முடிவுகட்டி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். கோவிலில் பழக்கமான தமிழ்நாட்டுத் தம்பி, திரீ கிங்ஸ் பகுதியில் இருப்பவர். நல்ல பிள்ளை. ஆனால் அவருக்குத் தெரிந்தது மாலைக்குள் சான்ட்ரிங்ஹாம் மரக்கறிக் கடைகள்வரை போய்விடும். அதனால் அவர் வருவதற்கு முன் ஆவி மெஷினை என் சேலைகளுக்கு நடுவே அலுமாரியில் ஒளித்தோம். ஸ்டெபிலைசரைக் கராஜுக்குள் தள்ளினோம். இலை வாடை போக வீடு நிறையச் சாம்பிராணி போட்டோம்.

"என்னக்கா, வெள்ளிக்கிழமை கூட இல்ல, இவ்ளோ சாம்பிராணி?" என்றார் தம்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"நுளம்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கொசுவா? இந்தக் குளிர் மாசத்துலயா?" என்றபடி அவர் மீற்றரை எடுத்தார். "சரி, எந்தப் பொருள் சார் நின்னு நின்னு போகுது?"

"ரைஸ் குக்கர்."

"மத்ததெல்லாம் ஓடுதுல்ல?"

"ஓம், ஓடுது."

சுவருக்குச் சுவர் அளந்து பார்த்தார். "கரண்ட் நல்லாத்தான் இருக்கு சார். இந்தத் தெருவுல பாதிக் கூரைல சோலார் இருக்கு. நல்ல வெயில் அடிச்சா வோல்டேஜ் கொஞ்சம் மேல ஏறும், ஆனா அளவுக்குள்ளதான். இங்க விக்கிற எந்தப் பொருளும் அதுக்கெல்லாம் நிக்காது. பேசாம புது குக்கர் வாங்கிடுங்க."

அவர் போனபின் எங்கள் ரைஸ் குக்கரை நான் பரிதாபமாகப் பார்த்தேன். அது ஒரு பாவமும் அறியாதது.

நவராத்திரிக்கு வீடு துப்புரவாக்கியபோது பெட்டிகளின் துணிகளையெல்லாம் தோய்த்துக் கொடியில் போட்டேன். நல்ல பட்டை வெயில். பக்கத்து வீட்டுக் கூரைச் சோலார் பலகைகள் கண் கூசுகிற மாதிரி மினுங்கின. அவர் வேலைக்குப் போயிருந்தார். நின்றால் நிற்கட்டும் என்று மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பை எழும்பத் தொடங்கியது. அப்போது 'டொக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். பலகை வீடு, வெயில் ஏறினாலும் இறங்கினாலும் எங்கேயாவது சொடுக்கும். வீடு நெட்டி முறிக்கிறது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இன்றைக்கு ஸ்டெபிலைசர் துணியில்லாமல் நின்றது. அதன் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. பை சரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டொக்', பச்சை. பிறகு 'டொக்', சிவப்பு. 'நல்ல வெயில் அடிச்சா மேல ஏறும்' என்று தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கே சும்மா ஏறி இறங்குகிற கறண்டை, எல்லை தாண்டிவிட்டது என்று அந்தக் கிழட்டுப் பெட்டி அறுத்துக்கொண்டிருந்தது. அது தன் கடமையைத்தான் செய்தது.

மெஷினின் வயரை அதிலிருந்து உருவி நேரே சுவரில் குத்தினேன். பை நிமிர்ந்து கடைசிவரை நின்றது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை வெயில், எத்தனை மாலை. வரட்டும் இந்த மனுசன் என்று சொற்களை அடுக்கி வைத்தேன். பிறகு அந்தப் பிளக்கில் அவர் சுற்றியிருந்த கறுப்பு டேப் கண்ணில் பட்டது. ஒரு சுற்று மற்றதன் மேல் ஏறாமல், சுருக்கமில்லாமல் சுற்றியிருந்தார். அடுக்கிய சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

அவர் வந்து சுவரைப் பார்த்தார். "ஆர் கழட்டினது?"

"நான்தான். உந்தப் பெட்டிதானப்பா நிப்பாட்டிக்கொண்டு இருந்திருக்கு. வெயிலுக்குக் கறண்ட் ஏற ஏற அது அறுக்குது."

அவர் சப்பாத்தையும் கழற்றாமல் முழந்தாளில் இருந்து, வெறும் பெட்டியின் ஆளியைப் போட்டார். பச்சை வந்தது. காத்திருந்தார். 'டொக்'. சிவப்பு. இன்னுமொருமுறை பார்த்தார். பிறகு எழும்பாமலே சொன்னார்.

"அப்ப உம்மடை நடையை நிப்பாட்டினது நான்தான்."

"நோகுதெண்டு நம்பின ஆளும் நீங்கள்தான்" என்றேன். அவர் பெட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் வெயில். வேளைக்கே வந்துவிட்டார். நான் மெஷினைச் சுவரில் மாட்ட, குசினியிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டு வந்து சுவரோரம் போட்டு, ஆளியில் விரலை வைத்தபடி உட்கார்ந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"ஏதும் எண்டா அமத்துவன்."

"ஒண்டும் வராதப்பா."

"கறண்டை நான் பாக்கிறன். நீர் மூச்சை இழும்."

பை எழும்பத் தொடங்கியது. வெயில் தரைப் பலகைகளில் நீளமாகக் கிடந்தது. பக்கத்துக் கூரைகளெல்லாம் ஒளியைக் குடித்துக்கொண்டிருந்தன. வீடு எங்கேயோ 'டொக்' என்றது, அவர் திடுக்கிட்டுப் பையைப் பார்த்தார். பை நிமிர்ந்தே நின்றது. கழற்றி இழுத்தேன். நோவு எழுந்து அடுத்த அறைக்குப் போகும்வரை அவருடைய விரல் ஆளியிலேயே இருந்தது.

பிறகு நடந்தோம். சரிவில் இறங்கும்போதே அவர் கதைக்கத் தொடங்கிவிட்டார். வேலையிடத்துக் கதை, மகளின் கதை, ஸ்டெபிலைசரை எறிய மனம் வராத கதை. எல்லாவற்றையும் எங்கே சேர்த்து வைத்திருந்தாரோ தெரியாது. நான் பாதி கேட்டேன், பாதி மிதந்தேன். புக்கேக்கோக்கள் வழமைபோல எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. பாலத்துக்குக் கிட்டப் போனபோது கதையை நிற்பாட்டி என் முகத்தைப் பார்த்தார்.

"நோகுதோ?"

"ஓம். கொஞ்சம்."

அவர் ஸ்கான் படம் எதுவும் கேட்கவில்லை. நடையைக் குறைத்தார்.