ஓர் உரல், இரண்டு உலக்கை

போன வாரம் என் மனைவி அஞ்சலைக்கு வைத்தியம் பார்க்கப் புதுவையிலிருந்து ஒரு டாக்டரை வண்டி வைத்து அழைத்து வந்தேன். நாடியைப் பிடித்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"லயம் தப்பாமல் அடிக்கிறதே! உடம்புக்கு ஒன்றுமில்லை, வாத்தியாரே" என்றார். ஒரு டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றுமில்லையாம்! அப்படியானால் மூன்று மாதமாக அவள் ஏன் தூங்கவில்லை? ஏன் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுகிறாள்?

எனக்குக் காரணம் தெரியும். டாக்டரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

செலியமேட்டில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். அண்ணன் பயிரைப் பார்க்கிறார். நான் பாகூர் ஸ்கூலில் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அண்ணி தனகோடியும் அஞ்சலையும் தினமும் விடிந்ததும் கொல்லைப்புறத்தில் நெல் குத்துவார்கள். ஒரே உரல். ஆளுக்கு ஓர் உலக்கை. ஒருத்தி தூக்கும்போது மற்றவள் இறக்குவாள். கொஞ்சம் பிசகினால் உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும். ஒருநாளும் மோதியதில்லை. தொம்... தொம்... தொம்... அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, அண்ணியின் மகளுக்குச் சுத்துக்கேணியில் ஒரு வரன் அமைந்தது. நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்து நின்றார்.

"பொண்ணுக்கு இளைப்பாமே! மறைச்சிட்டீங்களே!"

சின்ன வயதில் அந்தப் பெண்ணுக்கு மூச்சிளைப்பு இருந்தது உண்மை. வளர வளர சரியாகிவிட்டது. வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாத விஷயம். வரன் போயிற்று. அண்ணி நேராக அஞ்சலையிடம் வந்தாள். அஞ்சலையின் அத்தை வீடு சுத்துக்கேணியில் இருந்தது. அது போதாதா?

"நீதான்டி சொல்லியிருக்கே. வேற யாரு?"

"சத்தியமா நான் இல்லக்கா."

"இனிமே என்னை அக்கான்னு கூப்புடாதே."

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது.

சொன்னது யார் தெரியுமா? நான்.

ஸ்கூலிலிருந்து மாட்டுவண்டியில் திரும்பும்போது, கூட வந்த வாத்தியாரிடம் எங்கள் ஊர் வைத்தியரின் பெருமை பேசினேன். "எங்க அண்ணன் பொண்ணு இளைப்பையே ஓட்டிட்டார்" என்றேன். அந்த வாத்தியாரின் மனைவிக்குப் பிறந்த ஊர் சுத்துக்கேணி என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் அண்ணன். அவர் முகத்தில் எப்படி விழிப்பது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். மறுநாள் காலையில் — தொம்... தொம்... தொம்!

எட்டிப் பார்த்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பதினொரு வாய், அரிசி வேண்டாமா? பேச்சுதான் நின்றிருந்தது. தாளம் நிற்கவில்லை. சரி, தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன்.

ஒழுங்கான தாளம் மனிதனுக்கு ஆறுதல். தொட்டிலும் தாலாட்டும் அதைத்தானே செய்கின்றன? குழந்தை தூங்கிவிடுகிறது. என் மனசாட்சியும் தூங்கியது... ஒன்பது வருஷம்! நடுவில் அந்தப் பெண்ணைப் பண்டசோழநல்லூரில் கொடுத்தோம். நன்றாக வாழ்கிறாள். இனி எதற்குக் கிளறுவது என்று எனக்கு இன்னொரு சாக்கும் கிடைத்தது.

இந்த ஐப்பசி மழையில் அண்ணி ஜுரத்தில் விழுந்தாள். கஞ்சி ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் அஞ்சலைதான். அப்போதும் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அண்ணி அவள் கையைப் பிடித்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"அஞ்சல... இப்பவாச்சும் சொல்லு. நீதானே சொன்னே? எனக்கு மனசு ஆறலடி."

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆமாக்கா. நான்தான். தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுடு."

"போவட்டும் வுடு" என்றாள் அண்ணி. அஞ்சலையின் கன்னத்தைத் தடவினாள். அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

பாகூர் மேரியில், அதாவது முனிசிபல் ஆபீசில், சாவைப் பதிந்துவிட்டு வந்தோம். காரியம் முடிந்தது. அடுத்த நாள் அஞ்சலை தனியாக உரலுக்குப் போனாள். தொம்... பிறகு ஒன்றுமில்லை. மறுபடி தொம்... பிறகு ஒன்றுமில்லை. உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். எதிர் உலக்கை விழுந்து எழும் நேரம் வரை நிற்கிறாள். அப்புறம்தான் குத்துகிறாள். மூன்று மாதமாக இப்படித்தான். ஒரு மரக்கால் நெல்லுக்கு உச்சிவெயில் ஏறிவிடுகிறது.

டாக்டர் வந்துபோன மறுநாள் காலை, அவள் எதிரில் போய் நின்றேன்.

"அஞ்சல, அன்னைக்கு அதைச் சொன்னது நான்."

"தெரியும்" என்றாள். உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

"எப்ப தெரியும்?"

"அந்த வருசமே. சுத்துக்கேணிக்கு எங்க அத்தை வூட்டுக்குப் போனேனில்ல? அங்க சொன்னாங்க."

"இன்னாத்துக்கு மறைச்சே?"

"சொன்னா அண்ணன் தம்பி ரெண்டு அடுப்பாயிடுவீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்... அக்கா சாவக் கெடந்தப்பகூடப் பார்த்தேன்." உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "நான் அவளுக்குத் துரோகம் பண்ணலங்க. அது தெரியாமலே பூட்டா. அதுதான் தாங்கல."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேரே அண்ணனிடம் போனேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ உசுரோட இருக்கச்சே சொல்லியிருக்கணும்டா. இப்ப என்கிட்ட சொல்லி இன்னா?"

அவர் மறுபடி மடை திறக்க எழுந்து போனார். சாயங்காலம் வீடு திரும்பியதும் அஞ்சலை முன்னால் நின்று, "உன்னைத் தப்பா நெனச்சிட்டோம்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அன்றும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்களுக்கும் யாரிடமாவது இப்படிச் சொல்ல வேண்டியது இருக்கிறதா? என்னைப்போல் பத்திரிகையில் எழுதாதீர்கள் — அவர் இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள்.