சேற்றோடு பன்னிரண்டு குதிரைகள்

என் அக்கா ஒரு சலவைக் கடையில் கறை எடுப்பவள். துவைக்க வேறு ஆள், இஸ்திரி போட வேறு ஆள். கறை மட்டும் அவளுடையது. மை, ரத்தம், எண்ணெய், துரு, உதட்டுச் சாயம், பெயர் சொல்ல முடியாத இன்னும் சில. இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, தலைக்கு மேல் அதே குழல்விளக்கு. கடையில் எல்லோருக்கும் அவள் கறையக்கா. முதலாளி அவளைவிட ஒன்பது வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளிடம் அதட்டிப் பேசிப் பார்த்த ஒரு மேனேஜர் மூன்றே மாதத்தில் மூட்டை கட்டினார்.

அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இதைச் சொன்னால் போதும், "பாவம், அதனாலதான் பொம்மை வெச்சு விளையாடுறா" என்று உச்சுக்கொட்டுகிற சொந்தக்காரர்கள் எங்களுக்கு வண்டி வண்டியாக உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள்: அவை பொம்மைகள் இல்லை.

ஆரம்பம் ஒரு கோட்டுப் பையில். சலவைக்கு வந்த பழைய கோட்டுக்குள் விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குதிரைவீரன் கிடந்தான். வாள் ஒடிந்து, சாயம் உரிந்து போயிருந்தது. கோட்டின் சொந்தக்காரரைக் கேட்டால் என்னுடையதே இல்லை என்று சாதித்தார். பையில் அகப்பட்ட பொருளைச் சீட்டு கட்டி அலமாரியில் வைப்பார்கள், ஒரு வருஷம் யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு. அது கடையின் சட்டம். அக்கா அந்த ஒரு வருஷத்தையும் நாள் எண்ணிக் காத்திருந்து, மறுநாளே அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். குண்டூசியை நறுக்கி வாள் வைத்தாள். அவன் சட்டைக்கு நிறம் தேடியதில் என் நகப்பூச்சு இரண்டு பாட்டில் காலி.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தபாலில் வர்ணம் பூசாத வார்ப்புகளை வரவழைத்தாள். குதிரை இரண்டு பாதியாக வரும், ஆள் தனி, தலை தனி. அரத்தால் ராவி, ஒட்டி, மருந்து பாட்டில் மூடியின் மேல் நிறுத்தி, துணியின் நெசவைப் பார்க்கும் கடைக் கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, மூன்று மயிர் மட்டும் விட்டுவைத்த தூரிகையால் பித்தான் பித்தானாகப் பூசுவாள். அந்த நேரத்தில் வீடு இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். பதினைந்து வருஷத்தில் எங்கள் முன்னறையின் ஒரு சுவர் முழுக்கக் குதிரைகளாயிற்று. டிவி என் படுக்கையறைக்குப் போனது.

அவள் பூசுகிற விதம் ஒன்று உண்டு. முதலில் பழைய படைகளின் உடுப்புப் படம் போட்ட புத்தகத்தில் இருக்கிறபடி பளிச்சென்று பூசுவாள். நீலக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை வார். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்து அதை அழுக்காக்குவாள். நாள் முழுக்கக் கறையை எடுக்கிறவள் வீட்டுக்கு வந்து கறை வைப்பாள்.

சும்மா கைபோன போக்கில் வைப்பதில்லை. ஒரு குதிரையேற்றப் பள்ளியின் உடுப்பெல்லாம் பல வருஷம் அவள் மேஜைக்குத்தான் வந்தது. கடிவாளம் பிடிக்கிற இடது கையுறையின் உள்ளங்கைதான் முதலில் கறுக்கும் என்று அவளுக்குத் தெரியும். கால்சட்டையில் உள்தொடை தேயும், குதிரையின் வியர்வை முழங்காலுக்குக் கீழே மஞ்சளாக ஏறும், மழையில் நனைந்த வாரின் வெள்ளைப் பூச்சு கோட்டில் இறங்கிக் கோடு போடும். எடுத்து எடுத்துப் பழகிய கறையை அவள் திருப்பி வைத்தாள், அவ்வளவுதான்.

கடைசியாக நாலு மாதம் உட்கார்ந்து ஒரு பன்னிரண்டு பேரைச் செய்தாள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு படை, தோற்றுப்போய்ச் சேற்றில் திரும்பி வருகிறது. அதில் ஊதுகொம்புக்காரனுக்கு மட்டும் வெள்ளைக் குதிரை. சண்டைக்கு நடுவில் அவன் எங்கே இருக்கிறான் என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டுமாம். அந்த வெள்ளைக் குதிரைக்கு வயிறு வரை சேறு வைத்திருந்தாள். என்னைக் கேட்டால் கண்றாவியாக இருந்தது. அவளிடமும் சொன்னேன்.

"கண்றாவியாத்தான்டி இருக்கணும். தோத்துட்டு வர்றான்" என்றாள்.

எங்கள் ஊரில் இப்படிச் சிற்றுருக்கள் செய்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர் ஒரு கண் டாக்டர். வருஷத்துக்கு ஒருமுறை நூலகக் கூடத்தில் கண்காட்சி. மேஜை கேட்டு அக்கா முதல்முறையாக எழுதிப் போட்டாள், படங்களும் அனுப்பினாள். பதினைந்து வருஷம் சுவருக்குக் காட்டியதை நாலு மனிதர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. வெளியே சொல்லவில்லை, ஆனால் தபால்காரர் மணி அடித்தால் என்னை முந்திக்கொண்டு ஓடினாள்.

பதில் வந்தது. படையின் உடை, அதற்குரிய புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். அழுக்குப் படிந்த நிலையில் காட்சிக்கு அனுமதி இல்லை. சுத்தம் செய்து கொண்டுவந்தால் மேஜை உண்டு.

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். மூக்கு நுனி சிவந்தது.

"சுத்தம் பண்றதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. இவருக்கு நான் எதுக்குச் சும்மா பண்ணணும்?"

"ஒரு நாளைக்குத்தானேக்கா? லேசா துடைச்சுட்டு, அப்புறம் வந்து மறுபடி பூசிக்கோ."

"நீ வாய மூடிட்டு இரு."

நான் வாயை மூடினேன், கையை மூடவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும். சொல்ல நாக்கு கூசுகிறது.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். கடிதம் வருவதற்கு முன்பே அங்கே எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டேன். எங்கக்காவுக்கு நூலகத்தில் தனி மேஜை, கட்டாயம் வாங்க என்று. மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கண்காட்சியன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா குளிக்கப் போனாள். பன்னிரண்டு பேரும் மேஜையில் வரிசையாக நின்றார்கள். ஒரே ஒருவனையாவது சுத்தமாகக் காட்டினால் டாக்டர் மனமிறங்குவார் என்று எனக்கு ஒரு குருட்டுக் கணக்கு. அதிலும் அந்த வெள்ளைக் குதிரைதான் கண்ணை உறுத்தியது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அதன் காலைத் துடைத்தேன்.

சேறு வந்தது. வெள்ளை தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். வயிறு, கால், அவன் கால்சட்டை, கையுறை என்று துடைத்துக்கொண்டே போனேன். அப்புறம் முன்காலில் வெள்ளையும் போய் உள்ளிருந்த உலோகம் பல்லைக் காட்டியது. சட்டென்று பஞ்சை எடுத்துவிட்டேன்.

அக்கா தலையில் துண்டோடு வந்து நின்றாள். பஞ்சைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"என்ன போட்டுத் தொடச்ச?"

"ஸ்பிரிட்."

"கறை எடுக்கறதுன்னா முதல்ல கண்ணுல படாத ஓரமாப் பாத்துத் தொட்டுப் பாக்கணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன் உனக்கு?"

அவ்வளவுதான் திட்டு. பன்னிரண்டு பேரையும் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கினாள், துடைத்தவனையும் சேர்த்து. "கிளம்பு" என்றாள்.

நூலகக் கூடத்தில் மேஜைகளெல்லாம் வெள்ளை விரிப்போடு தயாராக இருந்தன. எல்லா மேஜையிலும் தையற்கடையிலிருந்து நேராக வந்தது போன்ற படைகள். டாக்டர் எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"கடிதம் போட்டிருந்தோமேம்மா?"

"வந்துச்சு."

"அப்ப இது என்ன?"

"அதுக்குப் பதில்."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொருவராகப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தவர், வெள்ளைக் குதிரையில் நின்றுவிட்டார்.

"இது! இதத்தான் சொன்னேன். வேலை தெரிஞ்ச கைதான் உங்களுக்கு. முழங்கால்ல கொஞ்சம் பெயிண்ட் போயிருக்கு, பரவால்ல. இந்த ஒண்ண மட்டும் மேஜைல வைங்க. மத்த பதினொண்ணும் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்."

சரி என்று சொல்லிவிடக்கா, சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. வாசலில் என் அலுவலகத்து ஆட்கள் மூன்று பேரும் வந்து நிற்பது தெரிந்தது. மேஜை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெயர் எழுதுவதற்கு ஒரு வெற்று அட்டைகூட அதன்மேல் காத்திருந்தது.

அக்கா அந்த அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"இவ பேர எழுதிக்கோங்க. அந்தக் குதிரைய இவதான் இன்னைக்குக் காலைல அஞ்சு நிமிஷத்துல பண்ணா. நான் நாலு மாசம் பண்ணது மத்த பதினொண்ணு."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"சங்கத்துக்குன்னு விதி இருக்கும்மா" என்றார் டாக்டர். குரல் இறுகிவிட்டது. "புத்தகத்துல உடுப்பு எப்படி இருக்கோ அப்படித்தான்."

"புத்தகத்துல இருக்கறது தைச்சு வந்த உடுப்பு சார். நான் பண்ணியிருக்கறது போட்டுக்கிட்ட உடுப்பு." அக்கா அவருடைய கோட்டைப் பார்த்தாள். "இந்தக் கோட்டு எனக்குத் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவ எங்க கடைக்கு வரும். வலது கை ஓரத்துல மை. நான்தான் எடுக்கறேன். நாற்காலில உக்காந்து மருந்து எழுதற உங்களுக்கே கறை படுது. ஆறு மாசம் சேத்துல வந்தவனுக்குப் படாதா?"

டாக்டர் குனிந்து கோட்டின் ஓரத்தைப் பார்த்தார். வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எனக்கும் மேஜை வேண்டாம்" என்றேன் நான். காலம் கடந்த வீரம். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அக்கா பெட்டியை மூடி என் கையில் கொடுத்தாள். வாசலில் என் அலுவலகத்து அம்மா ஒருவர், "எங்க வெச்சிருக்கீங்க, எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"நாளைக்கு எங்க கடைக்கு வாங்க" என்றாள் அக்கா.

நான் ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை கடையின் கண்ணாடி ஜன்னலிலிருந்து காகிதப் பூக்களைத் தூக்கி எறிந்துவிட்டு, 'எந்தக் கறையும் நீக்கித் தரப்படும்' என்ற பலகைக்கு நேர் கீழே பன்னிரண்டு பேரையும் நிறுத்தினாள். முதலாளி பதறிப்போனார்.

"அக்கா, துவைக்கிற கடை வாசல்ல அழுக்குச் சிப்பாயா? வர்றவன் என்ன நெனப்பான்?"

"வரிசைல நிக்கறாங்கன்னு நெனப்பான்."

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே என் அலுவலகத்து மூன்று பேரும் வந்தார்கள். அப்புறம் யார் யாரோ நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்ததில் அந்தக் கண்ணாடியைத் தினம் இரண்டு வேளை துடைக்க வேண்டியிருந்தது. பெரிய கூட்டம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கத்துக் கூடம் ஒரு நாளில் மூடிவிட்டது, இது மூடவில்லை.

முன்வரிசையில் வெள்ளைக் குதிரை, துடைத்தது துடைத்தபடி, வெளிறிப்போய் நின்றது. "குடுக்கா, நானே சேறு வெச்சுக் குடுக்கறேன்" என்று கெஞ்சினேன்.

"அதத் தொடாத" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை. வேலை முடிந்து அக்காவைக் கூட்டிப்போக நான் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருப்பவள் லீவு, அதனால் அக்காவே நின்றாள். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர், கையில் மடித்த கோட்டோடு. உள்ளே வராமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார், மறுபடி குனிந்தார். கால்மணி நேரம் இருக்கும்.

கடைசியில் உள்ளே வந்து கோட்டைக் கவுண்டரில் வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த மாதிரி ஆள் இல்லை அவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அத்தன பேருக்கும் கையுறை வரைக்கும் பாத்துப் பாத்து வெச்சிருக்கீங்க. அந்த வெள்ளைக் குதிரைக்காரன் மட்டும் ஏன் இன்னும் சுத்தமா நிக்கறான்?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவன் இன்னும் வீட்ட விட்டே கிளம்பல சார்" என்றாள் அக்கா.

பிறகு கோட்டின் வலது கையைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தை இழுத்து எழுதினாள்: கோட்டு ஒன்று, மை, வழக்கமான இடம்.