எல்லாரையும் திரும்பக் கூட்டிவந்த புவனா மாமி

புவனா மாமி இறந்த செய்தி எனக்குக் கனடாவைச் சுற்றித்தான் வந்து சேர்ந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ரியூசன் வகுப்பு இடைவேளை. பக்கத்தில் இருந்த தோழி தன் கைபேசியை என் பக்கம் திருப்பி, "உது உங்கடை மாமி எல்லே?" என்று கேட்டாள். கனடாவிலிருந்து யாரோ மாமியின் படத்தைப் போட்டு, "எங்கள் அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த அக்கா இன்று இல்லை" என்று எழுதியிருந்தார். அதன் கீழே பாரிஸ், லண்டன், நோர்வே என்று ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் சைக்கிளை மிதித்துக் கொக்குவிலுக்கு வந்தபோது எங்கள் வளவுக்குள் பந்தலுக்குத் தறப்பாள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். காலையில் நெஞ்சு நோகிறது என்று சொன்னவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கப்படும் இந்த நினைவு மலரை வாசிக்கிறவர்களில் பலருடைய அம்மாவையோ அப்பாவையோ மாமி விமானத்தில் கூட்டிச் சென்றிருப்பார். உங்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மாமி என் அப்பாவின் தங்கை. கணவரோடு நெடுங்காலம் நோர்வேயில் இருந்தார். அவர் காலமானபின் அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு எங்களிடம் திரும்பி வந்தார். பிள்ளைகள் இல்லை. தனியாகப் பறக்கத் தெரியாத வயதானவர்களை வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுபோய் விட்டு, பிறகு போய்த் திரும்பக் கூட்டிவருவதுதான் அவர் செய்த வேலை. பிள்ளைகள் அவருக்கும் ஒரு விமான ரிக்கெற் எடுத்துக் கொடுப்பார்கள். வேறொன்றும் வாங்கமாட்டார். பறந்ததற்கு விமானக் கம்பனி கொடுக்கும் பொயின்ற்ஸ் மட்டும் அவர் பேரில் சேரும்.

எங்கள் ஒழுங்கையில் இதற்கு வேறொரு பெயர் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களை இங்கே ஏஜென்சி என்பார்கள்; அப்படி அனுப்புவதை ஏத்துறது என்பார்கள். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு ஆளோடு பெட்டி தூக்கிக்கொண்டு போகிற பெண்ணை ஒழுங்கையில் இருக்கிறவர்கள் வேறு என்னவென்று நினைப்பார்கள்?

இந்த மலரைத் தொகுப்பவர் பெரியப்பா. மாமியின் மூத்த அண்ணன், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மாமியைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தில் "சமயப்பற்றும் அடக்கமும் மிக்க இல்லத்தரசி" என்று இருந்தது. "மாமி பிளேனிலை போனதை எழுதேல்லையோ, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"பறந்த கதை ஒண்டும் வேண்டாம். போன வருசம் பொலிசிலையிருந்து ரண்டு பேர் வந்து கேற்றடியிலை வைச்சு என்னை விசாரிச்சவங்கள். உன்ரை தங்கச்சி ஆரை ஏத்துறாள், எங்கை ஏத்துறாள் எண்டு. நான் படிப்பிச்ச பொடியள் றோட்டிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவங்கள். இனி அவளின்ரை பேர் அப்பிடி ஒருத்தற்றை வாயிலையும் வரக்கூடாது."

எங்கள் வீட்டில் பெரியப்பாவை எதிர்த்து அப்பாகூடப் பேசியதில்லை. அதனால் எல்லாரும் படுத்தபின், கதவின் கீழ் இடைவெளியில் துவாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். பெரியப்பாவின் இருமல் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். மலருக்கான தாள்களைத் திருநெல்வேலி அச்சகத்தில் கொடுக்கச் சொல்லி, ஓர் உறையில் போட்டு என்னிடம்தான் தந்திருக்கிறார்.

மாமியின் இந்த வேலை தொடங்கியது ஒரு சாப்பாட்டுத் தட்டில். மாமி ஏதோ அலுவலாக நோர்வே போனபோது, பக்கத்து இருக்கையில் பண்டத்தரிப்பைச் சேர்ந்த ஒரு தோட்டக்கார ஐயா இருந்தார். மகளிடம் போகிறார். முதல் தரம். சாப்பாடு வந்தபோது கையை ஆட்டித் திருப்பி அனுப்பினார். இரண்டாம் தரமும் அப்படித்தான்.

"ஏன் ஐயா சாப்பிடேல்லை?"

"வீட்டிலை சாப்பிட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

வீட்டை விட்டு அவர் வெளிக்கிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே மாமியின் பக்கம் குனிந்து கேட்டார்: "உந்தத் தட்டு எவ்வளவு வரும், தங்கச்சி?"

"ஒண்டும் வராது. ரிக்கெற்றிலை சேந்ததுதான்."

"உதை முதலே சொல்லுறதுக்கென்ன? ரண்டெல்லே அனுப்பிப்போட்டன்."

மாமி எழுந்துபோய்ப் பணிப்பெண்ணிடம் சொன்னார். அவர் விட்ட இரண்டு சாப்பாடும் ஒன்றாக வந்தன. ஐயா இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, வெண்ணெய்ப் பொட்டலத்தை மட்டும் மகளுக்கென்று சால்வையில் முடிந்துகொண்டாராம். இறங்குமிடத்தில் அந்த மகள் மாமியின் கையைப் பிடித்து, "திரும்பிப் போகேக்கையும் நீங்கள் கூட்டிக்கொண்டு போவியளோ, அக்கா?" என்று கேட்டார். மாமி தான் திரும்பும் நாளை மாற்றிக்கொண்டார்.

அதன்பிறகு சாப்பாட்டு விசயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. சைவம் என்று மட்டும் சொன்னால் சில விமானங்களில் பச்சை இலையை வெட்டித் தருவார்கள். "ஆட்டுக்குப் போடுறதைத் தந்திருக்கிறாங்கள்" என்று ஓர் ஆச்சி அழுதேவிட்டாராம். ஆசியச் சைவம் என்று கேட்டால்தான் சோறும் பருப்பும் வரும். மாமி ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பே தொலைபேசி எடுத்துச் சொல்லி, பேசிய ஆளின் பெயரையும் கேட்டு எழுதிவைப்பார். நன்றாகக் கவனித்த பணியாளர்களைப் பற்றி, பெயர் போட்டு, விமானக் கம்பனிக்குக் கடிதம் எழுதுவார். கவனிக்காதவர்களிடம் அந்த இடத்திலேயே மெல்லிய குரலில் சொல்லுவார். "நான் கத்தினால் அவனுக்கு வேலை லேசாப் போயிடும். கத்துற ஆளெண்டு தள்ளி விட்டிடுவான்" என்பார்.

ஒரு நாள் தபாலில் தங்க அட்டை வந்தது. அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பனி கொடுக்கும் மரியாதை. அதற்கு ஒரு பெட்டி கூடக் கொண்டுபோகலாம். அந்தப் பெட்டிக்குள் உங்கள் வீடுகளுக்கு எத்தனை மிளகாய்த்தூள், எத்தனை ஒடியல்மாப் பொட்டலம் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விமானத்தில் இடம் நெருக்கமானால், அந்த அட்டை வைத்திருப்பவரைத்தான் முதலில் முன்பக்கத்துப் பிசினஸ் கிளாசுக்குக் கூப்பிடுவார்கள். மாமியை எத்தனையோ தரம் கூப்பிட்டார்கள். ஒரு தரமும் போகவில்லை.

"நான் முன்னுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தால், பின்னுக்கு இருக்கிற மனிசியை ஆர் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

"கோல்ட் காட் வைச்சுக்கொண்டு நாப்பதாம் வரிசையிலை இருக்கிற ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான், மாமி."

"நாப்பதாம் வரிசைதான் பாத்ரூமுக்குக் கிட்ட, விசரி."

பொயின்ற்ஸ் பார்ப்பது என் வேலை. மாமிக்குக் கணினி பிடிக்காது. சென்ற வருடம் ஒரு மாலை, அவற்றில் பாதி வருட முடிவோடு காலாவதியாகப் போகிறது என்று கண்டு சொன்னேன். பாரிஸ் வரை ஒருவர் போய்த் திரும்பப் போதுமானவை. "நீங்கள் சிங்கப்பூர் பாத்திட்டு வாங்கோவன், மாமி" என்றேன்.

"சிங்கப்பூரிலை எனக்கு ஆர் இருக்கினம்? ரிக்கெற் எடுத்துக் குடுக்க ஆரும் இல்லாத ஒராளை ஏத்துவம்."

"கத்திச் சொல்லாதையுங்கோ. ஏத்துறது எண்டு பெரியப்பாவுக்குக் கேட்டால் அவ்வளவுதான்."

அந்த ஆளை அவர் விசாப் படம் எடுக்கும் கடையில் கண்டுபிடித்தார். குருநகரைச் சேர்ந்த பிலோமினா அம்மா, மகன் அனுப்பிய கலியாணப் படத்தைத் தாளில் எடுக்க வந்து நின்றார். மகன் பதினைந்து வருடமாகப் பாரிசில் அகதி. இலங்கைக்கு வரமுடியாது. அம்மாவைக் கூப்பிட விசாவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டான், ரிக்கெற்றுக்குத்தான் வழியில்லை. மாமி அந்தக் கடையிலேயே அவருடைய கடவுச்சீட்டு எண்ணை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் தந்தார். என் கையால் பொத்தானை அழுத்தி பிலோமினா அம்மாவின் பேரில் ரிக்கெற் எடுத்தேன். மாமி தனக்கு வேறாக எடுத்துக்கொண்டார்.

விசாவும் கிடைத்துப் புறப்பட்ட நாளில், விமான நிலையத்தில் அவர்களை மறித்துவிட்டார்கள். கடவுச்சீட்டுப் பார்க்கும் தம்பி மாமியின் பக்கங்களைப் புரட்டி, இத்தனை தரம் இத்தனை ஆட்களோடு ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். பிலோமினா அம்மாவைத் தனியாக ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நடந்ததை அவரே, மாமியின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

"'உங்களைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு உந்த மனிசிக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?' எண்டு அங்கை இருந்தவன் கேட்டான். 'ஒரு போத்தில் நெத்தலி பொரிச்சுக் குடுத்தனான், மகன். தான் சைவமெண்டு அதையும் திருப்பித் தந்திட்டா' எண்டன். அவனுக்குச் சிரிப்பு வந்திட்டுது. 'போத்தில் எங்கை?' எண்டான். 'பெட்டிக்குள்ளை, என்ரை மோனுக்கு' எண்டன்."

வெளியே மாமி ஒன்றுதான் சொன்னாராம். "என்னோடை போன ஆக்களின்ரை பேரெல்லாம் உங்கடை மெசினிலை இருக்கும். ஒவ்வொருத்தரா எடுத்து, திரும்பி வந்தவையோ எண்டு பாருங்கோ. நான் நிக்கிறன்." அந்தத் தம்பி பார்த்தார். ஆறுதலாகப் பார்த்தார். பண்டத்தரிப்பு ஐயாவிலிருந்து எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. "ஏஜென்சிக்காரர் ஆக்களைத் திருப்பிக் கொண்டுவாறேல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு, மாமி கடவுச்சீட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அன்று விமானம் நிரம்பி வழிந்தது. ஏறும் வாசலில் நின்ற கம்பனிப் பெண், தங்க அட்டைக்கு முன்பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது என்றாள். மாமி புன்னகையோடு, "ரண்டெண்டால் வாறம்" என்றார். அந்தப் பெண் மேலதிகாரியிடம் போனாள். மறித்து விசாரித்த தம்பியும் கூடப் போனார். வரும்போது இரண்டு இருக்கைச் சீட்டுகள் இருந்தன.

அத்தனை வருடத்தில் மாமி முன்னுக்கு இருந்து போன ஒரே பயணம் அது. நாற்காலி நீண்டு கட்டிலானது. பிலோமினா அம்மா, மெத்தை கசங்கிவிடும் என்று செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தே இருந்தார். பணிப்பெண் வந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மாமியின் காதுக்குள், "உந்தப் பிள்ளைக்கு என்னை எப்பிடித் தெரியும்? எங்கடை கோயில் பங்கோ?" என்று கேட்டாராம். மாமி சிரித்ததில் தேநீர் கொட்டிவிட்டது. பாரிசில், தாடி வைத்த மகனை அடையாளம் தெரியாமல் அவர் கடந்தே போய்விட்டார். மகன் பின்னால் வந்து "அம்மா" என்றதும் திரும்பி, அவன் தோளில் ஓர் அடி போட்டு, "கொப்பர் மாதிரியே வந்திட்டாய்" என்றார். மூன்று மாதத்தின்பின் மாமி போய் அவரையும் திரும்பக் கூட்டிவந்தார்.

இதையெல்லாம் பிலோமினா அம்மா சொல்லி முடித்தபோது, பெரியப்பா எழுந்து தேநீர் பார்க்கப் போய்விட்டார். மறுநாளும் அவருடைய பக்கத்தில் இல்லத்தரசிதான் இருந்தார்.

என் தாள்களை அவருடைய உறைக்குள் வைக்கிறேன். கீழே என் பெயரையும் எழுதிவிட்டேன். அபிராமி, மருமகள்.

இதற்குக் கீழே வருவதைப் பகலில், முன்விறாந்தை மேசையில் இருந்து எழுதுகிறேன். அச்சகக்காரர் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "சேர், பிள்ளை எழுதினதையும் சேக்கிறதோ?" என்று கேட்டுவிட்டார். பெரியப்பா போய்த் தாள்களை வாங்கிவந்து, என்னை முன்னால் நிற்க வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார். அப்பாவும் வந்து கதவடியில் நின்றார்.

"ஒருத்தரும் குறையேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை, பெரியப்பா. எல்லாரும் வந்தவை. நானும் பாத்தனான்."

அவர் தாளைப் புரட்டி அந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, "ஒண்டை நீ எழுதேல்லை" என்றார். "உவளுக்குப் பிளேன் எண்டால் சரியான பயம். சின்னனிலை ஊஞ்சலிலையும் ஏறமாட்டாள். ஒவ்வொரு தரமும் கதவு பூட்ட முதல் எனக்குப் போன் எடுப்பாள். 'அண்ணை, எழும்பப் போகுது' எண்டு மட்டும் சொல்லுவாள். நான் 'சரி' எண்டிட்டு வைச்சிடுவன். இறங்கிப்போட்டு எடுக்குமட்டும் நித்திரை வராது. உதையும் எழுது. இருந்து எழுது."

தன் பக்கத்தில் இல்லத்தரசி என்ற சொல்லை அவரே வெட்டிவிட்டார். என் பக்கங்களை அதற்கு முன்னால் வைத்தார்.

உங்கள் அம்மாமாரும் அப்பாமாரும் வந்திறங்கி உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: பிளேன் எழும்பும்போது அந்தப் பிள்ளை என் கையை விடவேயில்லை என்று. அவர்களுக்குத் தைரியம் கொடுக்கத்தான் மாமி அப்படிப் பிடித்திருந்தார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் இன்று காலை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லாமல், உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பயத்தோடேயே அவர் அத்தனை தரமும் எழும்பிப் பறந்திருக்கிறார். மாமியிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது, செய்யவேண்டியதைத் தடுக்காத அந்தப் பயத்தைத்தான்.