அக்காவின் மூக்கு, என் மசக்கை

எங்கள் வீட்டில் எண்ணெய் டின்னைத் திறந்தால் முதலில் அக்காவைக் கூப்பிட வேண்டும். அவள் வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, டின்னின் வாயருகே குனிந்து, கண்ணை மூடி ஒரே ஒரு இழுப்பு இழுப்பாள். பிறகு தலையாட்டுவாள். அவள் தலையாட்டினால்தான் நான் தராசில் பாத்திரத்தை வைப்பேன். எங்கள் சோப்புத் தொழிலில் இருந்த ஒரே லேப் டெஸ்ட் அதுதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். ஓரகத்திகள் என்றாலே குடுமிப்பிடிதான் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், எங்களுக்குள்ளும் அது உண்டு. குழாயடியில் உண்டு, கொடிக்கயிற்றில் உண்டு. சோப்பில் மட்டும் கிடையாது, ஏனென்றால் சோப்பில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கீழ் வீட்டில் அவர்கள், மேல் வீட்டில் நாங்கள், அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஒரு ஷீட்டு ரூம். அந்த ரூம்தான் எங்கள் ஃபேக்டரி. தொம்மலூரில் நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. வேலையில்லாமல் வீட்டோடு கிடந்த என்னை, பியூட்டி பார்லரில் பல வருஷம் நின்று கால் வீங்கிப்போன அக்காதான் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பார்லரில் மற்றவர்கள் க்ரீமின் பெயரைப் படிப்பார்கள், அக்கா மூடியைத் திறந்து மோந்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வாள். கண்ட கண்ட சோப்பும் போட்டுத் தோல் வறண்டு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நாமே செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

செய்முறை பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், தவிட்டெண்ணெய் எல்லாம் அளந்து ஊற்ற வேண்டும், கூழாகிற வரை அடித்துக் கலக்க வேண்டும். கடைசியில் வாசனை சேர்த்து அச்சில் ஊற்றினால் மறுநாள் கட்டியாகிவிடும். வெட்டி அலமாரித் தட்டில் அடுக்கி ஒரு மாதத்துக்கு மேல் காய விட வேண்டும். கையில் உறை மாட்டிக்கொண்டு காஸ்டிக்கோடு மல்லுக்கட்டுவது நான். வாசனை அக்கா. வெட்டிவேர், எலுமிச்சைப்புல், லவங்கம் என்று எதை எவ்வளவு விடுவது என்பதற்கு அவளிடம் எழுதி வைத்த கணக்கு எதுவும் இல்லை. மூக்குதான்.

அக்கா வீட்டுக்காரருக்கு அந்த ரூமை வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்று ஒரு கண். எங்கள் பக்கம் ரூம் காலி என்று வாய் திறந்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஆள் பெட்டியோடு நிற்பான். ஆனாலும் அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவரிடம், "எங்க வூட்ல அவ மூக்காலயே சம்பாதிக்கிறா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அக்கா அந்தக் கேலியைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

கொரோனா வீட்டில் எல்லோரையும் ஒரு சுற்று படுக்கப்போட்டுவிட்டுப் போனது. எல்லோரும் எழுந்துவிட்டோம். சில மாதம் கழித்து நான் உண்டானேன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நின்ற கரு என்பதால் வீட்டில் என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். அக்கா காஸ்டிக் பக்கமே என்னை அண்ட விடவில்லை. "நீ வாசல்ல சேர் போட்டு உக்காரு, அளவ மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டாள்.

உட்காரத்தான் முடியவில்லை. எனக்கு வந்தது சாதாரண மசக்கை இல்லை. வீட்டுக்காரர் தலையில் தடவுகிற எண்ணெய் வாசனைக்காக அவரை ஹாலில் படுக்க வைத்தேன். பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் வெங்காயம் வதக்கினாலும் இங்கே குமட்டும். தண்ணீரே எனக்கு நாறியது. எங்கள் சோப்பையே நான் போடுவதில்லை, வெறும் பயத்தமாவுதான்.

அப்படி ஒருநாள் வாசலில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா தவிட்டெண்ணெய் டின்னைத் திறந்தாள். வெயில் காலம், ஷீட்டுக்குக் கீழே பல நாளாக இருந்த டின். திறந்த வேகத்தில் தலைப்பையும் தாண்டி வந்து என் மூக்கில் அடித்தது.

"அக்கா, சிக்கு வாடை வருது."

அக்கா குனிந்து, கண்ணை மூடி, வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்தாள். தலையாட்டினாள்.

"ஒண்ணும் இல்லயே. நல்லா கீது."

"இல்லக்கா, பழைய அப்பளம் பொரிச்ச எண்ணெ மாதிரி."

"உனக்கு இப்ப மல்லிப்பூவே நாறுது. போய் படு, போ."

நானும் அதைத்தான் நம்பினேன். என்னைக் கேட்டால் அன்றைக்கு உலகமே சிக்குப் பிடித்துக் கிடந்தது. அக்காவின் மூக்கு ஒன்று சொல்லி, என் மசக்கை இன்னொன்று சொன்னால், யார்தான் மசக்கையை நம்புவார்கள்? கீழே போய்ப் படுத்துவிட்டேன். அக்கா அந்த எண்ணெயை ஊற்றி, வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் தாராளமாக விட்டு, அந்தத் தடவை இருந்த அச்சு முழுக்க நிரப்பிவிட்டாள்.

அந்த சோப்பு காய்ந்து, உறை போட்டு, தொம்மலூரில் ஒரு அபார்ட்மெண்ட்டில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற சந்தையில் விற்றும் போனது. மற்றவர்களுக்கு விட்டுப்போகிற மாதத்திலும் என் மசக்கை விடவில்லை, இருந்தாலும் வாய்ப்பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று நானும் சந்தைக்குப் போவேன். ஒரு ஞாயிறு, எங்கள் கடை ஆரம்பித்த நாளிலிருந்து வாங்குகிற கன்னடக்கார அம்மா ஒருவர், கூட்டம் குறையட்டும் என்று ஓரமாகக் காத்திருந்துவிட்டு வந்தார். பையிலிருந்து பாதி தேய்ந்த சோப்பை எடுத்தார்.

"பேஜார் மாட்கோபேடி," வருத்தப்படாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஹளே எண்ணெ வாஸ்னெ பர்த்தா இதெ" என்றார். பழைய எண்ணெய் வாசனை வருகிறதாம்.

அக்கா அந்த சோப்பை வாங்கி, கண்ணை மூடி மோந்து பார்த்தாள். "இல்லயே மேடம், சென்னாகிதெ," நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்தபடி திருப்பி நீட்டினாள். நான் நடுவில் கையை விட்டு வாங்கினேன். மூக்குவரை கொண்டுபோகவே தேவையிருக்கவில்லை. வாசனைத் தைலமெல்லாம் பறந்துபோய், அடியில் இருந்த சிக்கு வாடை அப்படியே மேலே வந்திருந்தது. சோப்பின் மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காவி நிறத்தில் புள்ளிகள் வேறு. நான் பக்கத்திலிருந்த பூந்தொட்டிக்கு ஓடினேன். அந்தத் தொட்டிச் செடி என்னை மன்னிக்கட்டும்.

அந்த அம்மாவுக்குப் பணத்தைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். ஆட்டோவில் வீடு வரும்வரை அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். நல்ல மனசோடு வந்து சொன்னவரிடம், தெரிந்தே நன்றாக இருக்கிறது என்று சாதிக்கிறாளே, இவள் எப்போது இப்படி ஒரு வியாபாரி ஆனாள் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு வந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாப்பிட்டுவிட்டு, சண்டை போடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். ஷீட்டு ரூம் கதவு திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி எல்லா மூடிகளும் கழன்று கிடந்தன. வெட்டிவேர்த் தைலம், லவங்கத் தைலம், கற்பூர டப்பா, தலைவலித் தைலம். கையில் பாத்ரூமிலிருந்து எடுத்து வந்த ஃபினாயில் பாட்டில். அதை மூக்கில் முட்டக் கொடுத்து, ரோஜாப்பூவை மோக்கிற மாதிரி ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற எனக்கே கண் எரிந்தது.

என்னைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"இதுவும் வரல" என்றாள்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. காய்ச்சல் வந்து போனதிலிருந்தே ஒன்றும் தெரியவில்லையாம். இன்று வரும், நாளை வரும் என்று பார்த்திருக்கிறாள். டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறாள். சிலருக்குத் திரும்பும், சிலருக்கு நாளாகும், சிலருக்குச் சொல்ல முடியாது என்றாராம். அத்தனை மாதமும் வாசனையைக் கைக்குப் பழகிய அளவில் ஊற்றி, டின்னை மோந்து தலையாட்டி, எங்கள் எல்லோரையும் ஏய்த்திருக்கிறாள்.

"ஏன்க்கா சொல்லல?" கத்திவிட்டேன். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, சிக்கு வாடைன்னு? என் மூக்க பொய்யாக்கிட்டியே!"

"சொல்லி? மூக்கு போச்சுன்னா எனக்கு இங்க இன்னா வேல? அச்சு கழுவறதா?" என்றாள். "அவருக்குத் தெரிஞ்சா நாளைக்கே இந்த ரூமுக்கு ஆள் பாத்துடுவாரு. அதுகூட பர்வாயில்ல. மூக்காலயே சம்பாதிக்கிறான்னு இனிமே யார சொல்வாரு?"

அப்புறம் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. தன் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனபோதுகூட ஆட்டோ டிரைவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அந்த ஃபினாயில் பாட்டிலை மூடினேன்.

"இன்னிலேருந்து நான் மோக்கிறேன். நீ கலக்கு" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ வாந்தி எடுப்ப" என்றாள்.

எடுத்தேன். அதற்கென்றே ஒரு பக்கெட் வாசலில் இருந்தது. ஆனால் மசக்கைக்காரி மூக்கைப் போல ஒரு மூக்கு ஊரில் கிடையாது. கெட்ட எண்ணெயின் பக்கத்தில் போகவே வேண்டாம், படியேறும்போதே சொல்லிவிடுவேன். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அக்கா ஒரு சொட்டு விட்டுவிட்டு, "எப்டி கீது?" என்பாள். நான் "நாத்தம்" என்பேன்.

"நாத்தம்னா இன்னா நாத்தம்? வகையா சொல்லு. நான் இன்னா பண்றது அத வெச்சுனு?"

அப்படித்தான் நான் வகையாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். புது ஷூ டப்பா மாதிரி, மழையில் நனைந்த ஸ்கூல் பை மாதிரி, கோயில் பிரசாதத்தில் கிடக்கும் அந்த ஒற்றை லவங்கம் மாதிரி. அக்கா கண்ணை மூடிக் கேட்பாள். "அப்போ லவங்கம் ஜாஸ்தி. வெட்டிவேர் இன்னும் கொஞ்சம் வுடு" என்பாள். விட்டால் சரியாக இருக்கும். அவளால் மோக்க முடியவில்லை, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மூக்காக இருந்தோம். சிக்குப் பிடித்த சோப்பையெல்லாம் தெரிந்தவரை திரும்ப வாங்கினோம். மிச்சத்தை அக்கா வீட்டுக்காரர் பைக் கழுவ எடுத்துக்கொண்டார்.

அவரிடமும் அக்காவே சொல்லிவிட்டாள். கேட்டதும் அவர் எழுந்து போய் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரைச் சரிபார்த்துவிட்டு வந்து, "இனிமே அடுப்ப அணைச்சதும் என்னையும் ஒரு தடவ பாக்கச் சொல்லு" என்றாராம். ரூமைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் அதுவரை இருந்த அபிப்பிராயத்தில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கையில் கொடுத்ததும் மசக்கை மூக்கு எங்கே போனதோ தெரியவில்லை, சாதாரண மூக்காகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செய்ததை நானும் கவனித்தேன். குனிந்து உச்சியில் முத்தம் கொடுக்கிற சாக்கில் ஒரு மோப்பம் பிடித்துவிட்டு, முகம் மலர்ந்து நிமிர்வார்கள். அக்கா மட்டும் எல்லோரும் போகட்டும் என்று ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போனதும் வந்து குழந்தையைத் தூக்கினாள். உச்சியில் முகத்தை வைத்து, கண்ணை மூடி, டின்னில் இழுக்கிற அதே ஒரு இழுப்பு. பழக்கதோஷம், நான் தலையாட்டலுக்காகக் காத்திருந்தேன். அவள் தலையாட்டவில்லை. குழந்தையை என் பக்கம் நீட்டினாள்.

"எப்டி கீது, சொல்லு."

குனிந்து மோந்தேன். "சூடான பால்... வெயில்ல காஞ்ச துணி... கொஞ்சம் தேங்கா எண்ணெ."

"அதெல்லாம் துணியோடது, எண்ணெயோடது" என்றாள் பொறுமையில்லாமல். "பாப்பாவுத சொல்லு."

மறுபடி மோந்தேன். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, அதைத்தான் முன்பே சொன்னேனே.

"காதுக்குப் பின்னால பாரு," என்றாள் அக்கா. "அங்கதான் இருக்கும். என் புள்ளைக்கும் அங்கதான் இருந்துச்சு."

குழந்தையின் காதை விரலால் மெல்ல மடக்கி, அந்த மடிப்பில் மூக்கை வைத்தேன். இருந்தது. இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த புது ஷூ, ஸ்கூல் பை, லவங்கம் எதையும் அதற்குச் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அக்கா என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள்.